திண்டு யார் பக்கம்

நாய் வேண்டும் என்று கேட்டவள் என் மனைவி. வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததை மட்டும் கேள்விப்படுகிறவர்கள் விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

எனக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. மனைவிக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. வருகிறவர்களுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லி, நடுவில் திறந்து பார்ப்பவர்களை அதட்டுகிறவள் அவள்தான். ஒரே மகள் வெளியூரில் படிக்கப் போய்விட்டாள். அவள் இங்கே இருந்தவரை குளியலறைக் கதவைத் தட்டித் தட்டியே என் கை வலிக்கும். இப்போது கதவு பாட்டுக்குத் திறந்து கிடந்தது. நான் நிம்மதியாகக் குளித்தேன். மனைவிக்குத்தான் அந்தத் திறந்த கதவைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மத்தியானம் வேலை முடிந்து வந்தால் சாயங்காலம் வரை பேச ஒரு ஜீவன் இல்லை என்றாள். டிவி இருக்கிறதே என்றேன். அவள் பார்த்த பார்வையில் குளிக்கப் போய்விட்டேன்.

கண் அறுவைக்கு வந்த ஒரு பெண்மணியின் வீட்டில் பாசெட் ஹவுண்ட் என்கிற குட்டைக்கால் ஜாதி நாய் குட்டி போட்டிருந்தது. அவர் ஒரு கண்ணில் கட்டோடு அதைச் சொல்ல, இவள் இரண்டு கண்ணும் விரியக் கேட்டிருக்கிறாள். ஒரு சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது துவைக்கிற துணிக்கூடையில் அது உட்கார்ந்திருந்தது. உடம்புக்கு ஒரு நாயையும் காலுக்கு வேறொரு நாயையும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. காது மட்டும் தாராளம். நடக்கும்போது முன்காலால் தன் காதையே மிதித்துக்கொண்டு குப்புற விழுந்தது. விழுந்ததற்காக வெட்கப்படவும் இல்லை. முகத்தைப் பார்த்தால், எங்கேயோ துக்கம் விசாரித்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருப்பதுபோல் தோன்றியது.

“இது என்ன, நாயா, திண்டா?” என்று கேட்டேன்.

அவள் அதற்கு ஓர் அழகான பெயர் யோசித்து வைத்திருந்தாள். யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. திண்டு என்பதே நிலைத்துவிட்டது.

திண்டுக்கு வேலைக்காரி, செவிலி, அம்மா எல்லாம் அவள்தான். தண்ணீர் குடித்தால் இரண்டு காதும் கிண்ணத்துக்குள் போய்விடும். அப்புறம் தலையை ஒரு உதறு உதறும். சுவரில், டிவியில், இஸ்திரி போட்டு வைத்த என் சட்டையில் எல்லாம் எச்சிலும் தண்ணீருமாகத் தெறிக்கும். அவள் மகளுடைய பழைய தலைப்பட்டை ஒன்றைத் தேடி எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் அதன் காதுகளைப் பின்னால் சேர்த்துக் கட்டிவிட்டாள். காதின் உள்பக்கம் ஈரம் தங்கினால் புண் வரும் என்று மிருக வைத்தியர் சொன்னதிலிருந்து, நோயாளியின் கண்ணைத் துடைக்கிற அதே பக்குவத்தோடு தினமும் பஞ்சில் துடைப்பாள். வாசலில் உள்ள படிகளில் குதித்து இறங்கினால் அதன் முதுகெலும்புக்கு ஆகாது என்று ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு இறங்குவாள், தூக்கிக்கொண்டு ஏறுவாள். கல்யாணமான புதிதில்கூட என்னை இப்படிக் கவனித்ததில்லை.

இத்தனைக்கும் அந்த நாய் வந்து ஒட்டிக்கொண்டது என்னிடம்.

அதற்குக் காரணம் உண்டு. என் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. வேறு ஒருத்தியாக இருந்தால் நாலு நாள் சொல்லிவிட்டு விட்டிருப்பாள். என் மனைவியோ, சர்க்கரை ஏறினால் கண்ணுக்கு என்ன ஆகும் என்று தினம் தினம் பார்த்துக்கொண்டிருப்பவள். வீட்டில் இனிப்பு என்று ஒரு துரும்பு கிடையாது. டீயில் கிடையாது, அலமாரியில் கிடையாது, விருந்தாளி கொண்டுவந்தால் அவர் கையோடு திருப்பி அனுப்பப்படும். நானும் தலையாட்டினேன். ஆனால் என் வேலை உடுப்பில் பாக்கெட்டுகள் அதிகம். மேல் பாக்கெட்டில் டெஸ்டர், இடுப்பில் ஸ்பானர், வலது தொடைப் பக்கத்துப் பாக்கெட்டில் கை துடைக்கிற கழிவுத்துணி. அந்தத் துணிக்கு அடியில் வெண்ணெய் பிஸ்கட். லிஃப்ட் பெட்டியின் மேல் நின்றுகொண்டு, அது ஏறி இறங்கும் இருட்டுக் குழிக்குள், யாரும் பார்க்காமல் ஒரு பிஸ்கட் தின்பதில் உள்ள சுகம் தின்றவனுக்குத்தான் தெரியும்.

யாரும் பார்க்கவில்லை என்பது சரி. மூக்கை யார் தடுப்பது? இந்த ஜாதி நாய்க்கு உடம்பில் பாதி மூக்கு. வந்த அன்றே திண்டு என் தொடைப் பக்கம் வந்து நின்றுவிட்டது. மோந்தது. அண்ணாந்து என்னைப் பார்த்தது. கண்ணுக்குக் கீழே சிவப்பாகத் தொங்கும் இமை இன்னும் கொஞ்சம் தொங்கியது. அப்புறம் வாயைக் குவித்துக்கொண்டு ஒரு ஊளை விட்டது பாருங்கள், அந்த ஒரு முழ உடம்புக்குள்ளிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. சமையலறையிலிருந்து மனைவி ஓடி வரும் சத்தம் கேட்டது. பதறிப்போய்ப் பாதி பிஸ்கட்டை உடைத்து அதன் வாயில் திணித்தேன். சட்டென்று அமைதி. அவள் வந்து பார்த்தபோது திண்டு என் காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“அட, உங்ககிட்ட இப்படி ஒட்டிக்கிச்சே!” என்றாள்.

“நாய்க்கு ஆளைத் தெரியும்” என்றேன்.

அன்று தொடங்கிய லஞ்சம் நிற்கவில்லை. சாயங்காலம் நான் தெருமுனை திரும்புவதற்கு முன்பே வீட்டுக்குள்ளிருந்து ஊளை கேட்கும். கதவைத் திறந்தால் காதும் வயிறும் தரையில் இழுபடக் குடுகுடுவென்று ஓடி வரும். உட்கார்ந்தால் காலடியில், எழுந்தால் பின்னால், குளிக்கப் போனால் குளியலறை வாசலில் காவல். பக்கத்து வீட்டுத் தையற்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார். “உங்க மேல உயிரையே வெச்சிருக்கு சார்” என்பார். நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டு, “என்ன செய்யறது, சில பேருக்கு அப்படி ஒரு ராசி” என்பேன். வேலை பார்க்கும் இடத்திலும் சொன்னேன். கூட வேலை செய்கிறவன் காது புளித்துப்போய்த் தலையைத் திருப்பிக்கொண்டான். சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது என்பதுதான் இதில் வெட்கக்கேடு. பிஸ்கட் ஒரு சாக்கு, உள்ளே இருப்பது உண்மைப் பாசம் என்று நினைக்க ஆரம்பித்தேன். ஒரு உயிர் நமக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது என்பது சும்மா இல்லை. எனக்கு அது வேண்டியிருந்தது.

மனைவி கூப்பிட்டால் திண்டு வராது. கெஞ்சினால் ஒரு காதை மட்டும் அசைக்கும். ஒரு நாள் அவள் தரையில் உட்கார்ந்து பந்தை உருட்டிக் காட்டி, கையை நீட்டி, “வாடா, என் தங்கம்ல” என்றாள். பெரிய மனசு பண்ணி எழுந்து போய் அவள் உள்ளங்கையை மோந்தது. ஆஸ்பத்திரியில் காலை முழுக்க மருந்துத் தண்ணீரில் கழுவிய கை. இரண்டு தும்மல் போட்டுவிட்டுத் திரும்பி என்னிடம் வந்துவிட்டது. நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் மகள் போனில் வந்தாள். முகம் தெரிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அப்பா எங்கம்மா? திண்டு அப்பாகூடவா இருக்கு?” என்பது. பேசி முடித்து போனை வைத்தபின் மனைவி வெகுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொண்ணும் உங்க பக்கம். அது சரி, வளர்ந்துருச்சு. இதுவாவது என் பக்கம் வரும்னு நெனச்சேன்” என்றாள். “காதைத் தொடைக்க நான், தூக்கிச் சுமக்க நான். மூஞ்சியைப் பார்த்து வாலாட்ட மட்டும் நீங்க. என்கிட்ட என்னதான் இல்லைன்னு தெரியலைங்க.”

“அட, நாய்தானே” என்றேன். எனக்கே அது மொட்டையாகப் பட்டது.

மறுநாள் அவள் தன் அண்ணனுக்கு போன் செய்தாள். என் மச்சானுக்கு ஊருக்கு வெளியே செடிகள் வளர்த்து விற்கும் தோட்டம். இடம் நிறைய, ஆளும் தாராளமானவர். ஞாயிற்றுக்கிழமை வந்து திண்டைக் கூட்டிக்கொண்டு போவதாக முடிவாயிற்று. “தெனம் தெனம் என்னைப் பிடிக்கலைன்னு ஒண்ணு என் கண்ணு முன்னாடி காட்டிக்கிட்டே இருந்தா என்னால தாங்க முடியல. அங்கேயாவது ஓடி விளையாடட்டும்” என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னதைத்தான் என்னால் சமாளிக்க முடியவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிஸ்கட் போகும், சர்க்கரைக் கணக்கு வெளியே வரும், சாகும் வரை பேச்சு கேட்க வேண்டும். போதாததற்கு, தையற்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால் மூளையைக் கசக்கி வேறு வழி கண்டுபிடித்தேன். பிஸ்கட் என் பாக்கெட்டில் இருப்பதால்தானே நாய் என் பின்னால் வருகிறது? அவளிடம் இருந்தால் அவள் பின்னால் போகப்போகிறது. காலையில் ஒரு பிஸ்கட்டைக் காகிதத்தில் சுற்றி அவள் கைப்பையின் ஓரத்தில் செருகினேன்.

சாயங்காலம் வந்தபோது திண்டு வழக்கம்போல் என்னைத்தான் மொய்த்தது. மனைவியின் முகத்தில் மட்டும் பல நாளாகக் காணாத ஒரு வெளிச்சம்.

“பையில பிஸ்கட் வெச்சது நீங்கதானே?” என்றாள்.

நான் தொடைப் பாக்கெட்டைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

“போன வாரம் வேலை நேரத்துல மயக்கமா வருதுன்னு சொன்னேன். காதுலயே வாங்கலைன்னு நெனச்சேன். ஞாபகம் வெச்சு, காகிதத்துல சுத்தி வேற வெச்சிருக்கீங்க.” குரல் இளகியிருந்தது. “டீயோட சாப்பிட்டேன். கூட இருக்கறவகிட்டகூடச் சொன்னேன், எங்க வீட்டுக்காரர் வெச்சு அனுப்பினார்னு.”

அவள் மயக்கம் என்று சொன்னதே எனக்கு நினைவில்லை. அசடு வழிய நின்றேன். அவள் திடீரென்று கண்ணை இடுக்கிக்கொண்டு, “உங்களுக்கு ஒண்ணும் வாங்கிக்கலையே?” என்றாள். “சேச்சே” என்றேன். காலடியில் திண்டு என் தொடைப் பாக்கெட்டையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. 

பையில் வைத்தால் அவளே தின்றுவிடுகிறாள். அடுத்ததாக, அவள் வீட்டுக்குள் போடும் செருப்பில் பிஸ்கட் தூளைத் தேய்த்துவிட்டேன். செருப்பு போகுமிடமெல்லாம் நாய் போகும் என்பது என் திட்டம். திட்டத்தில் கோளாறு இல்லை. அவள் செருப்பைக் காலில் மாட்டுவதற்குள் திண்டு முந்திக்கொண்டது, அவ்வளவுதான். வார் ஒரு பக்கம், அடி ஒரு பக்கம்.

“பாருங்க” என்றாள், கையில் பிய்ந்த செருப்போடு. “உங்க செருப்பு பக்கத்துலயே இருக்கு. அதைத் தொடலை. தேடிப் பிடிச்சு என்னோடதை மட்டும் கடிச்சிருக்கு. அவ்வளவு ஆகாது என்னைக் கண்டா.”

அதற்கப்புறம் நான் எந்தத் திட்டமும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வேனோடு வந்தார். சிரித்தால் வீடு அதிரும் மனிதர். வரும்போதே, “எங்கடா என் மருமகன்?” என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். மனைவி எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருந்தாள். தண்ணீர்க் கிண்ணம், காது துடைக்கும் பஞ்சு, தலைப்பட்டை, பந்து. எப்படித் துடைக்க வேண்டும், எப்படித் தூக்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஒன்றுவிடாமல் சொன்னாள். பின்னங்காலையும் சேர்த்துப் பிடிக்காவிட்டால் முதுகு வலிக்கும் என்று தன் கையை வைத்தே காட்டினாள்.

நான் வீட்டுச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் ஒரு பிஸ்கட் இருந்தது. வழியனுப்பும்போது திண்டுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தது. அது தெரிந்து திண்டு என் பாதத்தின் மேல் தன் முழுக் கனத்தையும் போட்டு உட்கார்ந்திருந்தது.

“வாடா, போலாம்” என்றார் மச்சான். திண்டு அசையவில்லை. பக்கத்தில் வந்து விசிலடித்தார். அசையவில்லை. குனிந்து தூக்கப் பார்த்தார். உடம்பை அப்படியே தொளதொளவென்று விட்டுவிட்டது. எங்கே பிடித்தாலும் தோல்தான் கையோடு வந்தது, நாய் வரவில்லை. அப்புறம் முகத்தை என் முழங்காலில் வைத்துக்கொண்டு, அந்தத் துக்க வீட்டுக் கண்ணால் என்னை அண்ணாந்து பார்த்து, நீளமாக ஊளையிட்டது.

மச்சான் நிமிர்ந்துவிட்டார். “மாப்பிள்ளை, இது உங்களை விட்டு வராது போலிருக்கே” என்றார்.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “வேணாம்ணா” என்றாள். “நான்தான் தப்பு பண்ணிட்டேன். அவர் மேல இவ்வளவு பாசமா இருக்கறதைப் பிரிச்சா பாவம். அவர்கிட்டயே இருக்கட்டும். எனக்குப் பழகிரும்.”

பாருங்கள், எனக்கு எல்லாம் கைகூடிவிட்டது. நாய் வீட்டில் தங்கும். பிஸ்கட் பாக்கெட்டில் தங்கும். என் ராசியும் பெயரும் தங்கும். நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அவள் மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தாள். கிண்ணத்தைப் பழைய இடத்தில் வைத்தாள். பஞ்சு டப்பாவை அலமாரியில் வைத்தாள். நாளையிலிருந்து மறுபடியும் அந்தக் காதைத் துடைப்பாள், படியில் தூக்கிக்கொண்டு இறங்குவாள், தன்னைப் பிடிக்காத ஒன்றுக்கு எல்லாம் செய்வாள். காலத்துக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பாள். தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த முகம் எனக்கு ஞாபகம் வந்தது. என்னால் முடியவில்லை.

“பாசம் எல்லாம் இல்லை” என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். சட்டைப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன். திண்டு என் பாதத்திலிருந்து எழுந்து மேஜையடிக்குப் போய்விட்டது.

“இதுதான் பாசம்” என்றேன். “வந்த நாளிலேருந்து. தெனமும். உனக்குப் பையில வெச்சதும் மயக்கத்துக்கு இல்லை. நாய் உன் பின்னாடி வரட்டும்னு வெச்சேன். செருப்புல தேய்ச்சதும் நான்தான். உன்னைப் பிடிக்காம கடிக்கலை அது.”

மச்சான் நைசாக ஜன்னல் பக்கம் திரும்பிச் செடி எதையோ ஆராய்ந்தார். என் மனைவியின் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. முதலில் வந்தது நான் எதிர்பார்த்ததுதான்.

“அப்ப நீங்க தெனமும் பிஸ்கட் தின்னிருக்கீங்க.”

“ஒண்ணு. சில நாள் ரெண்டு.”

“கண்ணு போச்சுன்னா அந்தக் குழிக்குள்ள எதைப் பார்த்து வேலை செய்வீங்க? தெனம் எத்தனை பேருக்குச் சொட்டு விடறேன், தெரியுமா? உங்களுக்கும் நான் விடணுமா?” குரல் உயர்ந்து, பாதியில் உடைந்தது.  மேஜை மேல் இருந்த பிஸ்கட்டை எடுத்து அவளே திண்டின் முன் போட்டாள். “இந்தா, கடைசிப் பிஸ்கட். தின்னு.”

ஒரே வாயில் முடிந்தது. திண்டு என்னிடம் வந்தது. சட்டைப் பையை மோந்தது. கால்சட்டையின் இடது பக்கத்தை மோந்தது, வலது பக்கத்தை மோந்தது. ஒன்றும் இல்லை என்பதை நன்றாக உறுதி செய்துகொண்டு, பின்பக்கத்தை எனக்குக் காட்டியபடி நடந்து போய்விட்டது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“திண்டு!” என்று கூப்பிட்டேன். ஒரு காதை மட்டும் அசைத்தது.

அந்த நிமிஷத்தில் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். நாயின் முதுகைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்து, முடியாமல் வெடித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். மகள் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மச்சானும் சேர்ந்துகொண்டார், ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்த திண்டு நின்றது. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது கேட்டிராத சத்தம். தலையைச் சாய்த்துக் கேட்டது. அப்புறம் காதை மிதித்து விழுந்து எழுந்து அவளிடம் ஓடியது. அவள் மடியில் ஏறப் பார்த்து, பாதிதான் ஏற முடிந்து, அந்தப் பாதியோடு திருப்திப்பட்டு, மூக்கை உயர்த்தி அவளோடு சேர்ந்து ஊளையிட்டது. அவள் கையில் பிஸ்கட் இல்லை, மருந்துத் தண்ணீர் வாசனைதான் இருந்திருக்கும். தும்மிவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது.

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. கை தானாக அதன் காதைத் தடவியது.

நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். கைவிடப்பட்டவன் முகத்தை எவ்வளவு நேரம்தான் மறைக்க முடியும்?

“எதுக்கு இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க?” என்றாள், கண்ணோரத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டே. “நாய் பின்னாடி வந்ததை ஊரெல்லாம் சொன்னீங்க. பிஸ்கட் இல்லாமலே ஒருத்தி இத்தனை வருஷமா உங்க பின்னாடி வந்துக்கிட்டிருக்காளே, அதை என்னைக்காவது யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

நான் சொன்னதில்லை. போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். திண்டு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது, இடம் விடவில்லை.